இதுக்கு மேல ஓரம் இல்லே, சார்!



"ஏய்... ஓரமாப் போ!"

இந்த வார்த்தையை நீங்கள் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? சைக்கிளில் போனால் லாரிக்காரர் சொல்வார். நடந்து போனால் அம்மா சொல்வார். வரிசையில் போனால் ஆசிரியர் சொல்வார். 34 வருடம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்த நானும் இதை ஆயிரம் முறையாவது சொல்லியிருப்பேன்.

2023-ம் வருடக் கோடையில் என் மகள் குடும்பத்தோடு இரண்டு வாரம் வெளிநாட்டில் சுற்றினேன். மகள், மாப்பிள்ளை, 13 வயதுப் பேரன், 10 வயதுப் பேத்தி, நான். பெரும்பாலும் சைக்கிளிலும் கால்நடையாகவும்தான் போனோம். அந்த இரண்டு வாரத்தில் என்னை ஒரே ஒரு தடவைதான் 'ஓரமாகப் போ' என்று விரட்டினார்கள். அதுவும் என் தப்பால்! 'இங்கே மட்டும் எப்படி?' என்று விசாரித்தால், அந்தப் பாதைகளுக்குப் பின்னால் உங்களைப் போன்ற குழந்தைகளும் ஒரு பள்ளி ஆசிரியரும் இருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். தலைப்பில் இருக்கும் வார்த்தையைச் சொன்னது யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அட்லஸை எடுத்து ஐரோப்பாவைப் பாருங்கள். ரைன் என்று ஒரு நதி தெரிகிறதா? சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் பிறந்து, சுமார் 1,230 கிலோமீட்டர் ஓடி, நெதர்லாந்தில் பல கிளைகளாகப் பிரிந்து கடலில் சேர்கிறது. நாங்கள் அந்த நதி கடலில் சேரும் நாட்டில் சைக்கிள் விட்டோம். பிறகு அதற்குத் தண்ணீர் அனுப்பும் மலைகளில் நடந்தோம்.

கிணிங்... கிணிங்...

என் மகள் வீடு நெதர்லாந்தில், ரோட்டர்டாம் என்ற துறைமுக நகரில் இருக்கிறது. முதல் நாள் காலையில் காற்று வாங்கலாம் என்று வெளியே வந்தேன். சாலை ஓரத்தில் செங்கல் நிறத்தில் வழவழவென்று ஒரு பாதை. 'ஆகா, நடப்பதற்கு எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறார்கள்!' என்று நடுவில் நடந்தேன். பின்னால் ஒரே மணிச் சத்தம். திரும்பிப் பார்த்தால், ஒரு பாட்டியம்மா, இரண்டு பள்ளிப் பிள்ளைகள், முன்னால் பெட்டி வைத்த சைக்கிளில் மூன்று குழந்தைகளை உட்கார வைத்து மிதித்து வரும் ஓர் அம்மா! எல்லோரும் எனக்காக நிற்கிறார்கள். அது சைக்கிளுக்கு மட்டும் போட்ட பாதையாம். நடப்பவர்களுக்குப் பக்கத்திலேயே தனிப் பாதை. கார்களுக்கு அதற்கும் அப்பால் வேறு பாதை. நான் சொன்ன அந்த ஒரு தடவை இதுதான்!

நெதர்லாந்தின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 80 லட்சம். சைக்கிள்களோ சுமார் 2 கோடியே 30 லட்சம். ஆளுக்கு ஒன்று போக மிச்சமும் இருக்கிறது! பள்ளிப் பிள்ளைகளுக்கு 11, 12 வயதில் சாலைப் பரீட்சை உண்டு. எழுத்துப் பரீட்சை மட்டும் இல்லை. நிஜமான சாலையில் சைக்கிள் ஓட்டிக் காட்ட வேண்டும். திரும்பும் முன் கையை நீட்டினானா, பின்னால் பார்த்தானா என்று கவனிப்பார்கள்.

எனக்கு ஒரு வாடகை சைக்கிள் எடுத்தார்கள். அதில் கைப்பிரேக்கே இல்லை! பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிரேக் பிடிக்கும். நாம் ஓட்டிக்கொண்டே பெடலைப் பின்னால் சும்மா சுற்றுவோமே, அந்தப் பழக்கத்தில் நான் சுற்ற, சைக்கிள் 'டக்' என்று நின்றது. நல்ல வேளை, விழவில்லை. பேத்திக்கு ஒரே சிரிப்பு. இன்னொன்று: நாம் சாலையில் இடப்பக்கம் போவோம், அங்கே வலப்பக்கம் போக வேண்டும். "தாத்தா, வலது! வலது!" என்று அவள் பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தாள்.

எண்ணைப் பார்த்து ஊர் போகலாம்

மறுநாள் கிண்டர்டைக் என்ற ஊருக்குப் புறப்பட்டோம். அங்கே பழைய காற்றாலைகள் வரிசையாக நிற்கும். வழி எப்படித் தெரியும்? மாப்பிள்ளை ஒரு சின்னத் தாளில் ஐந்தாறு எண்களை எழுதி சைக்கிள் கைப்பிடியில் ஒட்டினார். அவ்வளவுதான்!

அங்கே சைக்கிள் பாதைகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் 'அடுத்த எண்ணுக்கு இந்தப் பக்கம்' என்று அம்புக்குறி இருக்கும். தாளில் உள்ள எண்களை வரிசையாகப் பிடித்துக்கொண்டே போனால் ஊர் வந்துவிடும். இந்த யோசனை பக்கத்து நாடான பெல்ஜியத்தில், 1995-ல் பிறந்தது. ஹ்யூகோ பொலன் என்ற சுரங்கப் பொறியாளர்தான் கண்டுபிடித்தவர். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வழி தவறாமல் இருக்க, சந்திப்புகளுக்கு எண் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதை அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்! ஒரே ஒரு இடத்தில் பேரன் வேகத்தில் பலகையைக் கவனிக்காமல் போய்விட்டான். 'முந்தினவன் முட்டாள்' என்று பேத்தி கேலி செய்தாள். முந்தின எண்ணுக்குத் திரும்பி வந்து வழியைப் பிடித்தோம்.

கிண்டர்டைக்கில் 19 காற்றாலைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை 1740-ஐ ஒட்டிக் கட்டப்பட்டவை. மாவு அரைக்க அல்ல, தண்ணீர் இறைக்க! நெதர்லாந்தில் சுமார் கால் பங்கு நிலம் கடல் மட்டத்தைவிடத் தாழ்வானது. வயலில் தேங்கும் தண்ணீரை மேலே ஏற்றி ஆற்றில் விடாவிட்டால் ஊரே குளமாகிவிடும். காற்று சுற்ற, இறக்கை சுழல, தண்ணீர் மேலே ஏறியது. இன்று அந்த வேலையைப் பெரிய பம்புகள் செய்கின்றன. 1997-ல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கிண்டர்டைக் என்றால் 'குழந்தையின் கரை' என்று அர்த்தம். 1421-ல் அந்தப் பகுதியில் பெரிய வெள்ளம் வந்தது. வெள்ளத்தில் ஒரு மரத்தொட்டில் மிதந்து வந்ததாம். அதில் ஒரு பூனை, தொட்டில் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் தாவித் தாவிச் சமநிலை செய்துகொண்டே வந்ததாம். உள்ளே எட்டிப் பார்த்தால், நனையாமல் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததாம்! இது அந்த ஊரார் சொல்லும் கதை. பேத்தி கரை ஏறிய பிறகும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னொரு தொட்டில் வருமா என்று!

போகும்போது காற்று முதுகைத் தள்ளியது. 'நான் இன்னும் இளைஞன்தான்' என்று நினைத்தேன். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் மோதியது. மலையே இல்லாத நாட்டில் காற்றுதான் மலை! கடைசியில் சைக்கிளோடு படகில் ஏறித்தான் வீடு வந்தோம். நீங்கள் நெடுந்தூரம் சைக்கிளில் போனால், போகும்போது எதிர்க்காற்றும் திரும்பும்போது பின்காற்றும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் கேட்ட தெரு

"இந்த நாட்டில் ஆதியிலிருந்தே இப்படித்தானா?" என்று படகில் மகளிடம் கேட்டேன். "இல்லேப்பா" என்று அவள் சொன்ன விவரம் என்னைத் திடுக்கிட வைத்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நெதர்லாந்தில் கார்கள் மளமளவென்று பெருகின. சைக்கிள்கள் ஓரம் தள்ளப்பட்டன. 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்துகளில் 3,200 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். நூறு பேர் படிக்கும் நான்கு பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். ஒரே வருடத்தில் அத்தனை பிள்ளைகள்!

பெற்றோர்கள் பொறுக்கவில்லை. 1972-ல், விபத்தில் மகளை இழந்த ஒரு பத்திரிகையாளர் கோபமும் கண்ணீருமாக ஒரு கட்டுரை எழுதினார். 'குழந்தைகள் கொல்லப்படுவதை நிறுத்து' என்பது அதன் தலைப்பு. அதே பெயரில் ஓர் இயக்கம் உருவானது. பெற்றோரும் குழந்தைகளும் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். அதே 1972-ல், ஆம்ஸ்டர்டாம் நகரில் டி பைப் என்ற நெருக்கடியான பகுதியில் வாழ்ந்த பிள்ளைகள், 'எங்கள் தெருவில் விளையாட இடம் வேண்டும்' என்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். கார் வராதபடி தெருவில் தடுப்பும் வைத்தார்கள். சில பெரியவர்களுக்குக் கோபம் வந்தது. பிள்ளைகள் விடவில்லை. அது தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது.

1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. அந்த வருடம் நவம்பர் 4 முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டார்கள். வெறிச்சோடிய நெடுஞ்சாலையில் மக்கள் சைக்கிள் விட்டார்கள், ஸ்கேட்டிங் போனார்கள். கார் இல்லாத சாலை எப்படி இருக்கும் என்று எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள்! பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சைக்கிள் பாதைகள் வந்தன. தெருக்களில் வேகம் குறைக்கப்பட்டது. சீட் பெல்ட், பாதுகாப்பான சந்திப்புகள் என்று பல ஏற்பாடுகள் சேர்ந்தன. 2010-ல் சாலை விபத்தில் இறந்த குழந்தைகள் 14 பேர். ஒன்றுகூட இருக்கக் கூடாதுதான். ஆனால் 400 எங்கே, 14 எங்கே?

மஞ்சள் பலகை சொன்ன கணக்கு

அடுத்த வாரம் ரயிலேறி, ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து சுவிட்சர்லாந்து போனோம். அங்கிருந்து கிளவுசன் கணவாய்க்கு மஞ்சள் நிறத் தபால் பேருந்தில் ஏறினோம். கணவாயின் உயரம் 1,948 மீட்டர். கொண்டை ஊசி வளைவுகளில் அந்தப் பேருந்து மூன்று சுரத்தில் ஹாரன் அடிக்கிறது. ரோசினி என்ற இசை மேதையின் 'வில்லியம் டெல்' இசை நாடகத்திலிருந்து எடுத்த மூன்று சுரங்கள் அவை. இசையோடு மலை ஏறினோம்!

சுவிட்சர்லாந்தில் நடப்பதற்கென்றே 65,000 கிலோமீட்டருக்கும் மேல் பாதை இருக்கிறது. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். ஒன்றரைச் சுற்றுக்கும் அதிகம்! பாதைக்கு மூன்று அடையாளங்கள். வெறும் மஞ்சள் என்றால் எல்லோரும் நடக்கலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு என்றால் மலைப்பாதை. நல்ல பூட்ஸும் கவனமும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் பாறை, பனி எல்லாம் வரும், பழகியவர்களுக்கு மட்டும்.

பலகையில் கிலோமீட்டர் இல்லை, நேரம் இருந்தது. 'கீழே உள்ள கிராமத்துக்கு 1 மணி 50 நிமிடம்.' மலையில் தூரத்தைவிட ஏற்ற இறக்கம்தானே முக்கியம்! எங்கள் கடைசிப் பேருந்து கிராமத்தில் மாலை 5.10-க்கு. 2.15-க்குப் புறப்பட்டோம். 'ஒரு மணி நேரம் மிச்சம்' என்று நான் தாராளமாக நடந்தேன். மாடுகளின் கழுத்து மணிச் சத்தம் கேட்டு நின்றேன். மர்மோட் என்ற கொழுத்த அணில் இன விலங்கு விசில் அடித்தது; அதற்கும் நின்றேன். முழங்கால் வலிக்காக நின்றேன். பேரனுக்குப் பசி, அதற்காக உட்கார்ந்தோம்.

அப்புறம்தான் மாப்பிள்ளை சொன்னார்: "மாமா, பலகையில் போட்டிருப்பது நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்பது அவர்கள் கணக்கு."

எனக்கு வியர்த்துவிட்டது. மலையில் பேருந்தை விட்டால் என்ன செய்வது? கடைசியில் யாரும் பேசவில்லை. பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிராமத்தை அடைந்தபோது மணி 5.05. ஐந்து நிமிடம்தான் மிச்சம்! அன்று ஒரு கணக்குக் கற்றுக்கொண்டேன். சின்னவர்களும் பெரியவர்களும் சேர்ந்து நடந்தால், சொன்ன நேரத்தோடு அதில் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 1 மணி 50 நிமிடத்தோடு 55 நிமிடம் கூட்டினால் எவ்வளவு? நீங்களே போட்டுப் பாருங்கள்.

அந்த ஆசிரியரும் இந்த ஆசிரியரும்

அன்றிரவு விடுதியில் மாப்பிள்ளை இன்னொரு கதையும் சொன்னார். நாங்கள் போன அதே கிளவுசன் கணவாயில் நடந்த கதை.

1930-ஐ ஒட்டிய காலம். ஜூரிச் ஏரிக்கரையில் மைலன் என்ற ஊரில் யோஹான் யாக்கோப் எஸ் என்று ஓர் ஆசிரியர். தன் மாணவர்களை அந்தக் கணவாய் வழியாக நடத்தி அழைத்துப் போனார். அந்தச் சாலையில் அப்போது கார் பந்தயம்கூட நடத்துவார்கள். கார்கள் புழுதி கிளப்பிக்கொண்டு பறந்தன. பிள்ளைகள் புகையில் இருமினார்கள். ஒவ்வொரு கார் வரும்போதும் ஓரத்துக்குத் தாவினார்கள்.

எஸ் யோசித்தார். பிள்ளைகள் ஏன் தாவ வேண்டும்? நடப்பவர்களுக்குத் தனிப் பாதை ஏன் இருக்கக் கூடாது? நாடு முழுக்க ஒரே மாதிரி மஞ்சள் பலகை ஏன் வைக்கக் கூடாது? ஓட்டோ பிண்டர் என்பவரோடு சேர்ந்து 1934-ல் அதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் எதிரிக்கு வழி காட்டிவிடக் கூடாது என்று பலகைகளைக் கழற்றினார்கள். போர் முடிந்ததும் மறுபடி மாட்டினார்கள். 1979-ல் நடைபாதைகளை அரசியல் சட்டத்திலேயே சேர்க்கலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 77 பேர் 'ஆம்' என்றார்கள். 2018-ல் சைக்கிள் பாதைக்கும் அப்படியே வாக்கெடுப்பு. நூற்றுக்கு 73 பேர் 'ஆம்'.

குழந்தைகளே, இதைக் கேட்ட எனக்குத் தூக்கமே வரவில்லை. ஏன் தெரியுமா?

1994-ல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரைப் பக்கத்து அணைக்கட்டுக்கு நடத்தி அழைத்துப் போனேன். ஒற்றைத் தார்ச்சாலை. இரண்டு பக்கமும் சீமைக் கருவேல முள். லாரி வரும்போதெல்லாம் விசில் ஊதி "ஓரமாப் போ!" என்று கத்தினேன். ஒரு லாரி மிக அருகில் உரசிக்கொண்டு போனது. ஒரு பையன் சாலை விளிம்பிலேயே நின்றான். கையைப் பிடித்து இழுத்து, "ஓரமாப் போன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று முதுகில் ஓர் அடியும் வைத்தேன். அவன் அழுதுகொண்டே சொன்னான்:

"இதுக்கு மேல ஓரம் இல்லே, சார்!"

அவன் காலைப் பார்த்தேன். முள் கிழித்து ரத்தம். தார் முடிந்த இடத்தில் முள் தொடங்கியது. உண்மையிலேயே ஓரம் இல்லை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வருடத்திலிருந்து நடைச் சுற்றுலாவையே நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்கள் என்று நினைத்தேன். எஸ் என்ற அந்த ஆசிரியரும் இதே போலத்தான் பயந்திருப்பார். ஆனால் அவர் நடையை நிறுத்தவில்லை, பாதையைக் கேட்டார்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்

நம் ஊரில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கிறது. சைக்கிள் வந்துவிட்டது. அது போகும் பாதையை யார் கேட்பது?

ஒரு தாளில், உங்கள் வீட்டிலிருந்து பள்ளி வரை வழியை வரையுங்கள். நிம்மதியாக நடக்க, சைக்கிள் விட முடிகிற இடங்களுக்குப் பச்சை வண்ணம் தீட்டுங்கள். ஓரமே இல்லாத இடங்களுக்குச் சிவப்பு. பள்ளம், முள், கடைக்காரர் அடைத்த நடைபாதை எல்லாவற்றையும் குறியுங்கள். நண்பர்களுடைய வரைபடங்களையும் சேர்த்துத் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். கிராமமாக இருந்தால் அம்மா அப்பாவோடு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் அது கூடும். நகரமாக இருந்தால் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கொடுக்கலாம். ஒரே நாளில் பாதை வந்துவிடாது. ஆனால் யாராவது கேட்டால்தான் என்றைக்காவது வரும்.

அதுவரை சாலையில் கவனமாகப் போங்கள். ஹெல்மெட் போடுங்கள். இருட்டில் விளக்கில்லாமல் போகாதீர்கள். திரும்பும் முன் பின்னால் பார்த்துக் கையை நீட்டுங்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயது இருக்கும். அவன் பிள்ளைகளே இதைப் படிக்கலாம். அப்படியானால் உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்: அன்று அவர் சொன்னதுதான் சரி. சார் அவரை அடித்திருக்கக் கூடாது. அவரோடு சேர்ந்து, ஊர் கேட்கும்படி அதையே சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர் தாத்தா